கொசஸ்தலைக் கழிமுகம்: கன்று நடப் போவதா, வேறு வேலை இருக்கிறதா?

அத்திப்பட்டுக்காரன்

எண்ணூர் ரயில் பாலத்துக்கு வடக்கே கொசஸ்தலை ஆற்றங்கரையில் அலையாத்திக் கன்று நட ஒரு குழு ஆள் சேர்க்கிறது. பனியன், தொப்பி, மதியச் சாப்பாடு, போக வர வேன் எல்லாம் உண்டாம். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பலர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சென்ற ஆண்டு கிட்டத்தட்ட அதே இடத்தில் வேறொரு குழு நட்டது. கோடை முடிவதற்குள் பெரும்பாலானவை குச்சியாகிவிட்டன, மிச்சத்தை மாடு பார்த்துக்கொண்டது. பெயர்ப் பலகை மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஒதுக்கக்கூடிய பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். இந்த ஆற்றுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்? அரசு என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் வேண்டாம், அது எல்லோருக்கும் மனப்பாடம்.

சும்மா வந்தேன்

பலகை இரும்பா? அப்படியென்றால் கவலை வேண்டாம். அந்த உப்புக் காற்றில் அதுவும் சீக்கிரம் கன்றின் கதிக்கே வந்துவிடும்.

முகத்துவாரம்

எங்கள் வீட்டில் தலைமுறையாக ஆற்றுத் தொழில்தான். நான் அம்பத்தூரில் வேலைக்குப் போகிறேன். அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் வலை போடுகிறார்கள்.

அந்த இடம் எனக்குத் தெரியும். அங்கே கன்று பிழைக்காது, ஏனென்றால் அங்கே கடல் ஓதத் தண்ணீர் ஏறுவதில்லை. அலையாத்திக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உப்புத் தண்ணீர் வந்து வந்து போக வேண்டும். வந்தது திரும்பிப் போகாமல் தேங்கி, வெயிலில் சுண்டினால் மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதில் சீமைக் கருவேலம்கூடத் திணறும். தண்ணீரே ஏறாத மேட்டில் நட்டாலோ கேட்கவே வேண்டாம்.

அந்த மேடு எப்படி வந்தது என்பதுதான் விஷயம். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, குழாய் வழியாகச் செப்பாக்கத்தில் இருக்கும் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் ஆற்றைத் தாண்டிப் போகிறது. ஒழுகும், வெடிக்கும், ஒட்டுப்போடுவார்கள், மறுபடி ஒழுகும். ஒழுகியதெல்லாம் ஆற்றில்தான். படகைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போன இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீரில் நடந்து போகிறார்கள். அடியில் இருப்பது சேறு இல்லை, இறுகிப்போன சாம்பல். இறால் சேற்றில்தான் புதையும். கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களைக் கேளுங்கள், எந்த இடத்தில் கை உள்ளே போகும், எங்கே போகாது என்று அடிக்கு அடி சொல்வார்கள்.

அதனால் அண்ணே, கன்று அப்புறம். முதலில் தண்ணீர் போய்வர வழி.

புதுநகர் மூன்றாவது தெரு

முகத்துவாரம் சொல்வது சரி. ஆனால் எங்கள் பக்கத்துக் கதையும் கேளுங்கள். மணலி புதுநகர். 2015-ல் மூழ்கினோம். 2021 நவம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து விநாடிக்கு முப்பதாயிரம் கன அடிக்கு மேல் திறந்தபோது திரும்ப மூழ்கினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. சடையங்குப்பம், இடையஞ்சாவடி, வெள்ளிவாயல் எல்லாம் இதே நிலைமைதான்.

எங்களுக்கு இறால், நண்டு பற்றி யோசிக்க நேரமில்லை. ஆற்றை ஆழமாகத் தோண்ட வேண்டும், இரண்டு பக்கமும் கரையை உயர்த்திக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். யாராவது மனு எழுதுவதென்றால் இதை எழுதுங்கள், எங்கள் தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம்.

முகத்துவாரம்

தோண்டுவது என்று ஆரம்பித்தால் எதைத் தோண்டுவார்கள் தெரியுமா? ஒப்பந்தக்காரருக்கு எது சுலபமோ அதை. மணல் கிடைக்கிற இடத்தில் ஆழமாகப் போவார்கள், சாம்பலை அப்படியே விட்டுவிடுவார்கள், எடுத்த மண்ணைக் கரையிலேயே கொட்டி அலையாத்தியை மூடுவார்கள். மின்கோபுரம் கட்டக் கொண்டுவந்து ஆற்றுக்குள் கொட்டிய மண்ணையும் கட்டட இடிபாட்டையும் அகற்ற எத்தனை பேர் படகில் போய் மறித்தார்கள் என்பது புதுநகருக்கு வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம்.

புதுநகர் மூன்றாவது தெரு

தெரியாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் மிதந்தது உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

நெறியாளர்

இரண்டு பேரும் ஒரே ஆற்றைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். நிதானம்.

நீர்வழி

நான் கட்டடப் பொறியியல் படித்து, வடிகால் வேலைகளில் இருந்தவன். இந்தச் சண்டைக்கு ஒரு கணக்கு சொல்லலாம்.

சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குஜராத் மாதிரி பல மீட்டர் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் படுகையிலும் கரைச் சதுப்பிலும் அரை மீட்டர் சாம்பல் படிந்தால், அன்றாடம் தண்ணீர் ஏறி இறங்கிய பரப்பில் பெரும்பகுதி காய்ந்துவிடும். கன்று செத்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது வெள்ளத்துக்கு வருவோம். ஆற்று முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருப்பது எது? மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம். மற்ற மாதங்களில், கழிமுகத்துக்குள் ஏறிய கடல் தண்ணீர், கடல் இறங்குகிற வற்றத்தின்போது வேகமாக வெளியேறி மணலை அரித்துக்கொண்டு போவது. உள்ளே எவ்வளவு தண்ணீர் ஏறுகிறதோ அவ்வளவு வேகத்தோடு வெளியேறும். உள்ளிடத்தைச் சாம்பலாலும் மண்ணாலும் நிரப்பினால் வெளியேறும் தண்ணீருக்கு வலு குறைந்துவிடும். கடலோர மணலோ நம் கரையில் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. வாய் அடைபடும். வாய் அடைபட்ட ஆற்றில் பூண்டித் தண்ணீர் வந்தால் புதுநகருக்குத்தான் திரும்பும்.

ஆக இறாலுக்கு வேண்டியதும் புதுநகருக்கு வேண்டியதும் ஒன்றுதான், கழிமுகத்தின் கொள்ளளவு. அதைக் கரை உயர்த்தித் திரும்பப் பெற முடியாது. நிரப்பியதை எடுத்தால்தான் கிடைக்கும். கரையை உயர்த்தினால் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் ஊருக்குள் பெய்த மழை வெளியே போகவும் வழி இருக்காது. புழல் உபரிநீர்க் கால்வாய் ஓரம் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. கொசஸ்தலை வடிநிலத்தில் மாநகராட்சி ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ரூ.3,220 கோடிக்கு 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் கட்டுகிற திட்டம் இருக்கிறதே, அந்த வடிகால்களின் தண்ணீர் கடைசியில் எங்கே போகும்? இதே கால்வாய்களுக்கும் கழிமுகத்துக்கும்தான். மேலே குழாயைப் பெரிதாக்கிக்கொண்டு கீழே தொட்டியைச் சிறிதாக்கினால் என்ன ஆகும் என்று எந்தப் பிளம்பரும் சொல்வார்.

புதுநகர் மூன்றாவது தெரு

கொள்ளளவு என்று சொன்னால் சரி. நான் கேட்டதும் அதுதான், வார்த்தை வேறு. ஆனால் எங்கள் பகுதியில் கரை உடைந்த இடங்களைச் சரிசெய்வதை இதற்காக விட்டுக்கொடுக்க மாட்டோம்.

மீஞ்சூர் லோக்கல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் அந்த மாதிரி ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. எந்த ஆலை, எந்தப் பிரிவு என்று கேட்காதீர்கள். எல்லோரும் சாம்பல் சாம்பல் என்கிறீர்கள், சரி. ஆனால் ஆலையை மூடு என்று யாராவது ஆரம்பித்தால் நான் இந்த இழையை விட்டுப் போய்விடுவேன். என் வீட்டு அடுப்பும் அந்த நிலக்கரியில்தான் எரிகிறது.

முகத்துவாரம்

யாரும் மூடச் சொல்லவில்லை தம்பி. குழாயை ஒழுகாமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். எங்கள் குப்பத்திலும் பாதி வீட்டில் யாராவது ஒருவர் அங்கே ஒப்பந்த வேலையில்தான் இருக்கிறார்கள்.

மீஞ்சூர் லோக்கல்

அப்படியென்றால் ஒரு விஷயம் சொல்கிறேன். நம் நாட்டு நிலக்கரியில் நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பல் வரும். சாம்பல் கூழ் மணல் காகிதம் மாதிரி குழாயை உள்ளே தேய்த்துக்கொண்டே ஓடும். கனமான துகள் கீழே படிவதால் குழாயின் அடிப்பக்கம்தான் முதலில் மெலியும். அதனால் குழாயைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை உருட்டித் திருப்பி வைக்க வேண்டும், தேய்ந்த பக்கம் மேலே போய்விடும். வளைவுகளில் தேய்மானம் இன்னும் அதிகம். ஒழுகல் எங்கே வரும் என்று கேட்டால் வளைவிலும் இணைப்பிலும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நீங்கள் பத்துப் பேர் இருக்கிறீர்கள் என்றால், குழாய் முழுக்க நடக்க வேண்டாம். வளைவுகளையும் ஆற்றைக் கடக்கும் இடத்தையும் மட்டும் வாராவாரம் பாருங்கள். ஒழுகினால் தேதி, நேரம், இடம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். "ஆறு கெட்டுவிட்டது" என்று பொதுவாகப் புகார் கொடுத்தால் உள்ளே யாரும் அசைய மாட்டார்கள். "இந்த எண் போட்ட தூணுக்குப் பக்கத்தில், இந்த இணைப்பில், மூன்று நாளாக ஒழுகுகிறது" என்று வந்தால் மேற்பார்வையாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். வளாகத்துக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள், வெளியே பொது இடத்தில் நின்று எடுங்கள்.

உலர் சாம்பலாக எடுத்தால் சிமென்டுக்கும் சாம்பல் செங்கல்லுக்கும் போய்விடும். கூழாக்கிக் குளத்தில் விட்டதற்கு அந்த மதிப்பு இல்லை. 2021 டிசம்பர் 31 அன்று வந்த மத்திய அரசு அறிவிக்கை, பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்கிறது. அதைக் கேளுங்கள். வேலையும் போகாது.

அத்திப்பட்டுக்காரன்

மீஞ்சூர் லோக்கல், நான் எதிர்பார்த்து வந்தது இந்த மாதிரிப் பதிலைத்தான். நன்றி.

கொரட்டூர் ஏரிக்கரை

எனக்கு அறுபது தாண்டிவிட்டது, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லோரும் ஆற்றின் வாயில் நின்று பேசுகிறீர்கள். எங்கள் கொரட்டூர் ஏரி நிரம்பினால் உபரி ரெட்டேரிப் பக்கம் போகும், அங்கிருந்து தணிகாசலம் நகர் கால்வாய் வழியாகக் கொடுங்கையூர்ப் பக்கம் இறங்கிப் பக்கிங்காம் கால்வாயில் சேரும், அப்புறம் எண்ணூர். அம்பத்தூர், பட்டரவாக்கம் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து கழிவு எங்கள் ஏரிக்குள் வந்தது என்றால் அது கொரட்டூரோடு நின்றுவிடுகிற பிரச்சினை இல்லை. கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் இருந்து வடிகிற கறுப்புத் தண்ணீரும் அதே வழிதான்.

எங்கள் ஊர் மக்கள் ஆரம்பத்தில் செய்ததும் சுத்தம் செய்கிற வேலைதான். ஆகாயத்தாமரை அள்ளினார்கள், பிளாஸ்டிக் பொறுக்கினார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். அதெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஏரிக்கரையில் கால் வைக்காத ஆயிரம் பேர் அப்போதுதான் ஏரியைப் பார்த்தார்கள். ஆனால் மழை வந்தால் கழிவு மறுபடி வந்துவிடும். அப்புறம்தான் கழிவு எந்த மதகு வழியாக, எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது கைகொடுத்தது அந்தக் குறிப்புகளும் படங்களும்தான்.

சட்டத்தில் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, நீங்கள் புட்டியில் எடுத்த தண்ணீர் வழக்குக்கு ஆகாது. 1974 நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவு, மாதிரி எடுப்பதற்கென்று முறை வைத்திருக்கிறது, அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிதான் செய்ய வேண்டும். உங்கள் புட்டி அவரை வரவழைக்க மட்டும் உதவும். இரண்டாவது, அதே சட்டத்தின் 49-வது பிரிவின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரே நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். வாரியம் தூங்கினால் அதைத் தட்டி எழுப்ப அந்த 60 நாள் கடிதமே போதும். மூன்றாவது, பசுமைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கப் பொதுவாக ஆறு மாதக் கெடு உண்டு. இரண்டு வருடம் பேசிவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள். கட்டணம் இழப்பீடு கேட்காத மனுவுக்கு ஆயிரம் ரூபாய்தான், தென்மண்டல அமர்வு இருப்பதும் நம் சேப்பாக்கத்தில்தான்.

தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். எண்ணூர்க் கழிவெளி வரைபடம் வெளியே வந்ததே அந்த வழியில்தான். 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் ஏறத்தாழ 6,500 ஏக்கர் கட்டுமானம் கூடாத பகுதியாக இருந்தது. பின்னால் காட்டிய வரைபடத்தில் அதில் பெரும் பகுதியைக் காணோம். தண்ணீரைத் துறைமுகமும் சாம்பலும் மூடியது ஒரு பக்கம், காகிதத்தில் மூடியது இன்னொரு பக்கம். காகிதத்தில் மூடியதைத் தோண்டி எடுக்க மண்வெட்டி வேண்டாம், பொறுமை போதும்.

சும்மா வந்தேன்

அய்யா, பத்து ரூபாய்க்கு இந்த ஊரில் டீகூட வராது. நல்ல விலை.

பூண்டிக்கரை

நான் திருவள்ளூர்ப் பக்கத்து விவசாயி. சென்னைக்காரர்கள் கொசஸ்தலை என்றால் எண்ணூர்ப் பாலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் தொடங்கி 136 கிலோமீட்டர் வருகிற ஆறு இது. ஆந்திரப் பக்கமிருந்து நகரி ஆறு, நந்தி ஆறு எல்லாம் வந்து சேர்கின்றன. 1944-ல் பூண்டியில் அணை கட்டியதிலிருந்து, அதற்குக் கீழே ஆறு என்பது உபரி திறக்கிற சில வாரங்கள்தான். மற்ற நாளில் தண்ணீர் உங்கள் வீட்டுக் குழாய்க்கு வந்துவிடுகிறது.

அது மட்டுமா? 1960-களிலிருந்து தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டு நகரத்துக்கு உறிஞ்சினார்கள். கடல் தண்ணீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. மீஞ்சூர்ப் பக்கம் நெல் போட்டவர்கள் கிணற்றை மூடினார்கள். பிறகு 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை வந்தது. நிலத்தடி நல்ல தண்ணீரை எடுத்துத் தீர்த்துவிட்டுக் கடலை வடிகட்டிக் குடிக்கிறோம்.

அதனால் கழிமுகத்தில் என்ன செய்தாலும் மேலே தடுப்பணையில் தண்ணீர் தங்குகிறதா, ஆற்றில் மணல் அள்ளுகிறார்களா என்பதையும் பாருங்கள். எங்கள் பக்கம் சில இடங்களில் மணல் எடுத்து எடுத்துப் படுகை தாழ்ந்து, ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாயின் தலை மேலே நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் ஏரிக்கு ஏறாது. ஏரி நிரம்பாத தண்ணீர் எல்லாம் ஒரே மூச்சில் புதுநகருக்கு வரும்.

நீர்வழி

பூண்டிக்கரை சொல்வதில் கடைசி வரி முக்கியம். வடிநிலத்தில் இருக்கிற ஏரிகள் ஒவ்வொன்றும் வெள்ளத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தால்தான் உச்ச அளவு குறையும். வாயில் கொள்ளளவு, மேலே ஏரிகள், இரண்டும் சேர்ந்துதான் வெள்ளக் கட்டுப்பாடு. ஆனால் பதினைந்து பேர் 136 கிலோமீட்டரைப் பார்க்க முடியாது. அவரவர் நீளம் அவரவருக்கு.

தண்டையார்பேட்டை சுமதி அக்கா

வேறு ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அங்கே பறவை பார்க்கக் கூட்டம் போகிறது, பத்திரிகையில் படம் வருகிறது. எண்ணூரில் பூநாரை வருகிறது, கூழைக்கடா வருகிறது, 2023 எண்ணெய்க் கசிவில் இறக்கையெல்லாம் கறுப்பாகி உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்களை நாடே பார்த்தது. இருந்தும் இங்கே ஒன்றும் நடக்கவில்லையே, ஏன்? தென்சென்னை வடசென்னை என்று பேசினால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, துறைமுகம், குப்பைமேடு எல்லாம் ஒரே பக்கம் வந்தது தற்செயலா?

என் அண்ணன் மகன் எண்ணெய் அள்ளப் போனான். வாளியும் கோப்பையும்தான். 2017-ல் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான், ஏழு வருடம் கழித்தும் வாளிதான். கைக்கு உறை ஆரம்பத்தில் இல்லை. அந்த 2023 டிசம்பர் முடிவதற்குள் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா வாயுக் கசிவு. ஜனங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். நிவாரணம் என்று எண்ணெய்க்கு ஒரு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் வந்தது. ஆறு சரியானதா என்று யாரும் வந்து பார்க்கவில்லை.

கன்று நட வருகிற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களைப் படம் எடுத்துவிட்டு ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

முகத்துவாரம்

அக்கா சொன்னது எல்லாம் எங்கள் குப்பத்துப் பேச்சுதான். எண்ணெய் போதாதென்று காக்கா ஆழி என்கிற சிப்பி வேறு. வெளிநாட்டு இனம், தென் அமெரிக்கப் பக்கத்தது. கப்பலில் ஒட்டிக்கொண்டோ, கப்பல் நிறைக்கு ஏற்றும் தண்ணீரிலோ வந்திருக்கும் என்கிறார்கள். ஆற்றின் அடியை விரிப்பு விரித்த மாதிரி மூடிக்கொண்டே போகிறது. மஞ்சள் மட்டி, பச்சை ஆழி எதற்கும் இடம் இல்லை. இறால் புதையச் சேறு இல்லை. கால் வைத்தால் அறுக்கும், வலை மாட்டினால் கிழியும். இதை வாளியில்கூட அள்ள முடியாது. பழவேற்காடு வரை போய்விட்டது.

மீஞ்சூர் லோக்கல்

அதைக் கோழித் தீவனத்துக்கு அரைத்தால் ஆகாதா?

முகத்துவாரம்

சாம்பலும் எண்ணெயும் குடித்து வளர்ந்ததைக் கோழிக்குப் போட்டு, அந்த முட்டையை யார் சாப்பிடுவது? முதலில் பரிசோதனை செய்து சொல்லட்டும்.

நீர்வழி

மறுசீரமைப்பு பற்றி ஒரு குறிப்பு. 2016-ல் மீனவர் தரப்பில் போட்ட சாம்பல் வழக்கில் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சாந்தா ஷீலா நாயர் தலைமையில் நிபுணர் குழு, கழிவெளியை எப்படி மீட்பது என்று பரிந்துரை கொடுத்திருக்கிறது. அதனால் "சாம்பலை எடுங்கள்" என்று புதிதாகக் கோரிக்கை வைக்கத் தேவையில்லை. எடுக்கச் சொல்லி ஏற்கெனவே ஆணை இருக்கிறது. எந்த இடத்தில் எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள், எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று கேட்பதுதான் இப்போதைய வேலை.

கன்று நடுவதும் அறவே வேண்டாம் என்பதில்லை. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் மாதிரி கால்வாய் வெட்டி, ஓதத் தண்ணீர் போய்வர வழி செய்த பிறகு நட்டார்கள், காடு வந்தது. சில இடங்களில் தண்ணீர் வந்ததும் விதை தானாகவே மிதந்து வந்து முளைத்துவிடும், நட ஆள் தேவையே இல்லை. உங்களைக் கூப்பிட்ட குழுவிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நடுகிற இடத்தில் ஓதம் ஏறுகிறதா, மாதத்தில் எத்தனை நாள்? பதில் இருந்தால் போங்கள்.

அத்திப்பட்டுக்காரன்

கேட்டேன். "அதெல்லாம் எங்கள் தோட்டக்கலை ஆலோசகர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தது. தோட்டக்கலை! நானும் இன்னும் சிலரும் பெயரை எடுத்துவிட்டோம். போகிறவர்கள் போகட்டும், சண்டை போடவில்லை.

அதற்குப் பதிலாக இப்படி யோசித்திருக்கிறோம். ரயில் பாலத்திலிருந்து காட்டுக்குப்பம் வரை வற்றத்தின்போது படகில் போய், அளவு குறித்த மூங்கில் கழியால் ஆழம் பார்ப்பது. கழியை அழுத்தினால் இறங்குகிறதா, தட்டினால் கட்டியாக இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்வது. சேறா, சாம்பலா, ஆழியா என்று படகில் இருக்கிற பெரியவர்கள் சொல்வதை அப்படியே எழுதுவது. இதையே மழைக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு வருடமும் செய்தால், எடுத்தோம் என்று யாராவது சொல்லும்போது கையில் கணக்கு இருக்கும். குழாய் வளைவுகளுக்குத் தனியாக நாலு பேர். புதுநகர் அன்பர் ஒப்புக்கொண்டால், 2021-லும் 2023-லும் தண்ணீர் நின்ற உயரத்தைத் தெருவுக்கு ஒரு சுவரில் கோடு போட்டு வைக்கலாம்.

மார்ச் 22 உலக நீர் நாளுக்குக் கிராம சபை நடக்கும். மீஞ்சூர் ஒன்றியத்து ஊராட்சிகளில் வைக்க ஒரு தீர்மான வாசகம் எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்: "எங்கள் ஊராட்சி எல்லைக்குள் கொசஸ்தலை ஆற்றிலும் கழிவெளியிலும் படிந்துள்ள நிலக்கரிச் சாம்பலை, தீர்ப்பாய ஆணைப்படி அகற்றும் பணியின் இடவாரி விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிராம சபையில் வைக்க வேண்டும்."

கொரட்டூர் ஏரிக்கரை

வாசகம் நன்றாக இருக்கிறது. சர்வே எண்களைச் சேருங்கள். "கழிவெளி" என்று பொதுவாக எழுதினால் அது எங்கள் எல்லையில் இல்லை என்று ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள அ-பதிவேட்டைப் பார்த்து, நீர்நிலைப் புறம்போக்கு என்று இருக்கிற எண்களை எடுத்து எழுதுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் பகுதி சபாவில் இதையே வைக்கலாம்.

புதுநகர் மூன்றாவது தெரு

சுவர்க் கோட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். 2021 கறை இன்னும் போகவில்லை, அளக்கக்கூட வேண்டாம். தீர்மானத்தில் "வெள்ளக் கொள்ளளவு" என்ற வார்த்தை எங்காவது வர வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் தெருவில் கையெழுத்து வாங்க முடியாது.

அத்திப்பட்டுக்காரன்

சேர்த்துவிடுகிறேன். படகு?

முகத்துவாரம்

சித்தப்பாவிடம் பேசிவிட்டேன், இரண்டு படகு வரும். ஞாயிற்றுக்கிழமை வற்றம் விடிகாலையிலேயே, வெளிச்சம் வந்ததும் கிளம்ப வேண்டும், ஒன்பது மணிக்கு வந்தால் பயனில்லை. எண்ணெய்க் காசும் ஆள் கூலியும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு அன்று தொழில் போகிறது. தரை ஆழியாக இருப்பதால் கெட்டியான செருப்பு வேண்டும், ரப்பர் செருப்பு ஆகாது. தடவி இறால் பிடிக்கிற அக்கா இரண்டு பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே கூலி.

இன்னொன்று. எழுதுகிற ஆழக் கணக்கை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் நண்டுப் பொந்து, மட்டித் திட்டு இருக்கிற இடங்களைப் பொதுவில் போடுகிற வரைபடத்தில் குறிக்காதீர்கள். மிச்சம் இருப்பதே கொஞ்சம், வெளியாட்கள் வந்து ஒரே வாரத்தில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதைத் தனி நோட்டில் எழுதி எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் கொடுத்துவிடுங்கள்.